நம்ம தோல் லேசில் கிழடு தட்டாது என்பது சரியா?

கேள்வி | 18 ஏப்ரல் 2025

சொந்த ஊர் கீழக்கரை, இப்போது ஷார்ஜாவில் இருக்கிறேன். வயது 38. இங்கே ஒரு கிளினிக்கில் என் முகத்தை ஸ்கேன் செய்து ‘தோல் வயது 49’ என்று ஒரு தாள் கொடுத்தார்கள். மூக்கு ‘இருக்க வேண்டிய’ அகலத்தைவிட அதிகம், கண்ணுக்குக் கீழே பள்ளம், கன்னத்தில் நிறத்திட்டு என்று வரிசையாக எழுதியிருக்கிறது. ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஊசி), லேசர், மூக்குக்கு ஆபரேஷன், எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். உம்மாவிடம் காட்டினேன். ‘நம்மளது கறுத்த தோல், லேசில் கிழடு தட்டாது, போடி’ என்றார்கள். யார் சொல்வது சரி? இந்த மாதிரி கிளினிக்கில் படம் எடுத்தவர் என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), அதனால் கேட்கிறேன்.

19 ஏப்ரல், காலை

உம்மா சொன்னது பாதி சரி. மெஷின் சொன்னது கால்வாசி.

நான் டாக்டர் இல்லை. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் யாத்திரைக்காரர்களைப் படம் எடுத்தேன். அப்புறம் மதுரையில் ஓர் அழகு அறுவை சிகிச்சை கிளினிக்கில் 6 வருஷம் ‘முன்–பின்’ படம். இப்போது தங்கச்சிமடத்தில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி நாலு நாள் ஆகிறது, விசைப்படகு எல்லாம் கரையில். கடையில் நல்ல கூட்டம். ஒருத்தர்கூட படம் எடுக்க வரவில்லை, பேசத்தான் வருகிறார்கள்.

உம்மாவின் பாதி: தோலில் நிறமி கூடுதலாக இருந்தால் வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளே போவது குறையும். 1979-இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். வெள்ளையர்களின் மேல்தோல் தானாகவே தரும் பாதுகாப்பு 3.4 எஸ்.பி.எஃப். (சன்ஸ்கிரீன் டப்பாவில் போடும் வெயில் தடுப்பு எண்) அளவு, நம்முடையது 13.4. அதனால்தான் மெல்லிய சுருக்கம் அவர்களுக்கு முப்பதுகளில் வந்தால் நமக்குப் பத்து வருஷம் போல் தள்ளி வருகிறது என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

மெஷினின் கால்வாசி: கண்ணுக்குக் கீழே பள்ளம், கன்னத்தில் திட்டு. அது இருக்கும். எனக்கும் இருக்கிறது.

19 ஏப்ரல், இரவு

காலையில் அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். ‘நம்முடையது 13.4’ இல்லை. அது அமெரிக்காவில் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் தோலில் அளந்தது. அதைத் தூக்கி நம் மேல் ஒட்டக்கூடாது. நம் ஊரில் ஒரே வீட்டில் அண்ணன் கோதுமை நிறம், தம்பி நாவற்பழம். எந்தத் தம்பிக்கு எந்த எண்?

இன்னொருத்தன் தோலுக்கு எடுத்த அளவை நம் முகத்தில் வைப்பது. இந்த இழை முழுக்க அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம் போலிருக்கிறது. முதல் ஆளாக நானே செய்துவிட்டேன்.

20 ஏப்ரல்

அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம்.

கிளினிக்கில் முதல் நாள் கேட்பது ‘ஃபிட்ஸ்பாட்ரிக் எத்தனை?’ என்று. தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் டாக்டர் 1975-இல் போட்ட வகைப்பாடு அது. வெயிலில் நின்றால் வெந்து சிவக்குமா, கறுக்குமா என்று கேட்டு வகை பிரிப்பது. சொரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ளவர்களுக்கு ஒளிச் சிகிச்சை எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்ய வந்தது, அதுவும் வெள்ளைத் தோலுக்கு. பழுப்புக்கும் கறுப்புக்கும் ஐந்து, ஆறு என்று பிறகு சேர்த்தார்கள். எங்கள் டாக்டர் என்னைப் பார்த்து ‘அஞ்சு’ என்றார். ‘வெயிலில் வேகுமா?’ என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், பாம்பனில் பிறந்தவனை எது வேக வைக்கும் என்று திருப்பிக் கேட்டிருப்பேன்.

சுருக்கத்துக்கு க்ளோகாவ் என்று ஓர் அளவு. முகம் அசைந்தால் கோடு விழுகிறதா, சும்மா இருக்கும்போதும் கோடு இருக்கிறதா, முகமே கோடுதானா என்று நாலு படி. நிறமாற்றத்துக்கும் அதில் ஓர் ஓரம் உண்டு, ஆனால் நடுவீட்டில் உட்கார்ந்திருப்பது சுருக்கம். கிளினிக்குக்கு வந்த நம் பெண்களில் முக்கால்வாசிப் பேர் சுருக்கத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. மங்கு (கன்னத்தில் விழும் கறுப்புத் திட்டு), கருவளையம், கண்ணோரத்தில் கடுகு கடுகாக மரு, ‘முகம் வாடிப் போச்சு’, இவ்வளவுதான். ‘வாடிப் போச்சு’ என்பதற்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.

20 ஏப்ரல், பிற்பகல்

மூக்கு. இதற்குத் தனிக் குறிப்பு வேண்டும்.

முகத்தின் அகலம் ஐந்து கண் அகலம். இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் மூக்கின் அகலம். நெற்றி, மூக்கு, தாடை மூன்றும் சம உயரம். ஐரோப்பிய ஓவியர்களும் சிற்பிகளும் வைத்திருந்த கணக்கு இது. சர்ஜன்கள் அதை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். கனடாவில் லெஸ்லி ஃபர்காஸ் என்பவர் உயிருள்ள மனிதர்களின் முகத்தில் காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்து அளந்தார். 1985-இல் வட அமெரிக்க வெள்ளையர்களிடமே இந்தக் கணக்கு பல பேருக்குப் பொருந்தவில்லை என்று காட்டினார். 2005-இல் பல நாட்டு முகங்களை அளந்து வெளியிட்டபோது ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் மூக்கின் அளவுதான் அதிகம் விலகி நின்றது.

ஆக, உன் மூக்கு ‘இருக்க வேண்டிய’ அகலத்தைத் தாண்டியது என்றால், யாருக்கு இருக்க வேண்டிய அகலம் என்று கேள் தங்கச்சி. சொந்த நாட்டுக்காரர்களுக்கே பாதிக்குமேல் பொருந்தாத சட்டை அது.

அப்புறம் ஒரு கேள்வி. ஸ்கேன் என்றாயே, கேமரா எவ்வளவு தூரத்தில் இருந்தது?

21 ஏப்ரல்

அவள் பதில் வந்துவிட்டது. ஸ்கேனும் இல்லை, மெஷினும் இல்லை. கிளினிக்கில் இருந்து லிங்க் அனுப்பியிருக்கிறார்கள், இவள் போனில் செல்ஃபி எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டதை என் மனைவி பார்த்தாள்.

கை நீளத்தில் போனைப் பிடித்தால் மூக்கு லென்ஸுக்கு மிகப் பக்கம், காது தூரம். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். தேர்த் திருவிழாவில் வடத்தைப் பிடித்து நிற்பவனைக் கிட்டப் போய் எடுத்தால் கை மட்டும் யானைக் கால் மாதிரி விழுமே, அதே சமாசாரம். 2018-இல் அமெரிக்க முக அறுவை சிகிச்சைப் பத்திரிகை ஒன்றில் கணக்கே போட்டார்கள். 12 அங்குலத்தில் எடுத்த படத்தில், 5 அடியில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதம் அகலமாகத் தெரியும்.

மதுரையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை: ஐந்து அடி தள்ளி நில், நீள லென்ஸ் போடு. காதுத் துளையின் மேல் விளிம்பும் கண்குழியின் கீழ் விளிம்பும் ஒரே மட்டத்தில் வரும்படி தலையை நிறுத்து. இதற்கு ஃப்ராங்க்ஃபர்ட் மட்டம் என்று பெயர், 1884-இல் மண்டையோடு அளப்பவர்கள் கூடி முடிவு செய்தது. முன்பக்கம் ஒன்று, முக்கால் முகம் இரு பக்கமும், பக்கவாட்டு இரு பக்கமும். பவுடர் கூடாது. நம் ஊர் ஸ்டூடியோவில் பவுடர் டப்பாவையும் சீப்பையும் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பழகியவனுக்கு இந்தக் கடைசி விதிதான் கஷ்டமாக இருந்தது.

தம்பியோ மாப்பிள்ளையோ ஐந்து அடி தள்ளி நின்று ஜூம் வைத்து ஒரு படம் எடுக்கட்டும். அதை அனுப்பு.

21 ஏப்ரல், இரவு

ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘மூக்கு ஆபரேஷனையே உலகுக்குக் கொடுத்தவர்கள் நாம், நமக்கு வெள்ளைக்காரன் அளவுகோலா?’ சரி, பெருமைப்பட்டுக்கொள்ளலாம். மூக்கு ஆபரேஷனை அந்தக் காலத்திலேயே எழுதிவைத்த வைத்தியர் சுசுருதர் இருக்கிறார். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த கடிதமும் இருக்கிறது. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் திப்பு ஆட்களிடம் பிடிபட்டு மூக்கை இழந்தார். புனே பக்கம் ஒருவர் நெற்றித் தோலை மடக்கி அவருக்குப் புது மூக்கு வைத்தார். அதைப் படித்துவிட்டு ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய சர்ஜன் 1814-இல் லண்டனில் செய்து பார்த்தார்.

அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்தது வேறு. வைத்தியர் மெழுகில் மெல்லிய தகடு செய்து, அறுபட்ட இடத்தில் பொருத்திப் பார்த்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்து வெட்டினார். அளவு அந்த ஆளின் முகத்திலிருந்தே எடுத்தது.

27 ஏப்ரல்

ஒரு வாரம் எழுத முடியவில்லை. புதுப் பாலம் திறந்ததிலிருந்து பாம்பனுக்கு ரயில் பார்க்க வரும் கூட்டம், எனக்கும் கொஞ்சம் வேலை.

அக்னி தீர்த்தக் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். குளித்துவிட்டு ஈரத்தோடு வருபவர்களைப் படம் எடுப்போம். நாங்கள் மூன்று பேர், டீக்காக வயசுப் பந்தயம் கட்டுவோம். நம் பக்கத்து ஆள் என்றால் இரண்டு மூன்று வருஷத்துக்குள் சொல்லிவிடுவேன். நேபாளத்திலிருந்து வந்தவர் என்றால் பத்து வருஷம் குறைத்துச் சொல்வேன். ராஜஸ்தான் கிராமத்துப் பாட்டி என்றால் பத்து கூட்டிச் சொல்வேன், கேட்டால் ‘பச்சாஸ்’ (ஐம்பது) என்பாள். எத்தனை டீ தோற்றேன் என்று கணக்கில்லை.

கண் எந்த முகத்தில் பழகியதோ அந்த முகத்தில்தான் வயசைப் படிக்கும். டாக்டர் கண்ணும் அப்படித்தான். அவர் படித்த பாடப்படங்களில் யார் முகம் இருந்தது என்பதைப் பொறுத்தது. ஃபோட்டோ ஃபிலிமுக்கே ஒரு காலத்தில் வெள்ளைப் பெண்ணின் படத்தை வைத்துத்தான் நிறம் சரிபார்த்தார்கள், ‘ஷர்லி கார்டு’ என்று அதற்குப் பெயர். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பல்லும் வேட்டியும் மட்டும் தெரிந்ததற்கு எங்கள் கை மட்டும் காரணமில்லை.

28 ஏப்ரல்

‘கண்ணிமை மடிப்பு ஆபரேஷன் செய்துகொள்ளும் கொரியர்கள் வெள்ளைக்காரி ஆகப் பார்க்கிறார்கள்’ என்று ஒரு பின்னூட்டம். அவ்வளவு நேராக இல்லை. கிழக்காசியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மடிப்பு பிறவியிலேயே உண்டு. ஜப்பானில் மிகாமோ என்ற டாக்டர் அந்த ஆபரேஷனை எழுதி வெளியிட்டது 1896-இல். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கண்ணைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கலாம். மூக்குத்தி குத்துபவள் எந்த நாட்டுக்காரி ஆகப் பார்க்கிறாள்?

இதற்கு மேல் இதில் எனக்குச் சரக்கு இல்லை.

4 மே

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

சின்னப்பாலம் பக்கத்திலிருந்து அக்கா தங்கை இருவர் முதியோர் உதவித்தொகைக்குப் படம் எடுக்க வந்தார்கள். பிறந்த தேதி இருவருக்கும் தெரியாது. இங்கே அந்த வயசுக்காரர்களுக்குக் காலண்டர் 1964 டிசம்பர் புயல்தான், தனுஷ்கோடியைக் கொண்டுபோனதே, அது. ‘புயலன்னைக்கு அக்கா எங்காத்தா இடுப்புல, நான் வயித்துல’ என்றாள் தங்கை. கணக்குப் போட்டால் அவளுக்கு 60, அக்காவுக்கு 62, 63.

தங்கையைப் பார்த்தால் 72 சொல்லலாம். சின்ன வயசிலிருந்து கடலில் பாசி எடுப்பவள். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, விரலில் சுற்றிய துணி, கண்ணில் தண்ணீர்க் கண்ணாடி. அந்தக் கண்ணாடி உட்காரும் இடம் மட்டும் வட்டமாக ஒரு சாயம் வெளுத்திருக்கிறது. வட்டத்துக்கு வெளியே நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் காய்ந்த கண்மாய் மாதிரி வெடிப்பு. புருவத்துக்கு நடுவே மூன்று கோடு, முகம் சும்மா இருக்கும்போதும் ஆழமாக. தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கி இடுக்கி விழுந்தது. ஆனால் பல் முழுசாக இருக்கிறது, தாடை கத்தி போல நிற்கிறது.

அக்கா கல்யாணமாகித் திருப்பூர் போனவள். முப்பது வருஷம் பனியன் கம்பெனி நிழலில் வேலை. நெற்றி வழவழவென்று இருக்கிறது, கோடே இல்லை. ஆனால் பல் போய்விட்டது, அதோடு தாடை எலும்பும் கரைந்து, கன்னம் ஒட்டி, மூக்கு நுனி கீழே தொங்குகிறது. கண்ணுக்குக் கீழே விரல் வைக்கிற அளவு பள்ளம், அதில் கருமை. இரண்டு கன்னத்திலும் மங்கு.

யார் அதிகம் கிழடு? சுருக்கத்தை எண்ணும் அளவில் தங்கை. எலும்பையும் கொழுப்பையும் பார்க்கும் டாக்டர் அக்கா என்பார். வயசாக ஆகக் கண்குழி அகலும், மேல்தாடை பின்வாங்கும், கீழ்த்தாடை குறையும். முகக் கொழுப்பு ஒரே பஞ்சு மெத்தை இல்லை, தனித்தனித் திண்டுகள் என்று 2007-இல் அறுத்துப் பார்த்து எழுதினார்கள். ஒரு திண்டு வற்றும், பக்கத்துத் திண்டு அப்படியே இருக்கும், நடுவில் பள்ளம் விழும். அதுதான் ‘வாடிப் போச்சு’.

‘நம்ம தோல் கிழடு தட்டாது’ என்ற உம்மாவிடம் தங்கையின் படத்தைக் காட்ட வேண்டும். நாற்பத்தைந்து வருஷக் கடல் வெயிலை எந்த நிறமி தாங்கும்?

5 மே

‘ஒரே வயிற்றில் பிறந்தாலும் உடம்பு வாகு வேறல்லவா?’ என்று ஒருவர். சரிதான், அவர்கள் இரட்டையரும் இல்லை. இரட்டையரை வைத்தே அமெரிக்காவில் பார்த்திருக்கிறார்கள். ஓஹையோவில் இரட்டையர் திருவிழா நடக்கிறது, அங்கே படம் எடுத்து, யார் மூத்தவராகத் தெரிகிறார் என்று பார்த்து 2009-இல் கயூரோன் என்ற டாக்டரின் குழு எழுதியது. வெயிலும் சிகரெட்டும் ஏற்றிக் காட்டின. விவாகரத்து ஆனவர் ஏறக்குறைய இரண்டு வருஷம் மூத்தவராகத் தெரிந்தாராம். நாற்பதுக்கு மேல் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர் இளமையாகத் தெரிந்தார். என் மனைவி இந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

18 மே

ஷார்ஜா தங்கச்சி மங்கு பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறாள். இது என் வீட்டுக் கதை, என் தப்பும்கூட.

இரண்டாவது குழந்தைக்குப் பிறகு மனைவிக்குக் கன்னத்தில் மங்கு விழுந்தது. நான்தான் மருந்துக் கடையில் கேட்டு ஒரு கிரீம் வாங்கிவந்தேன். பத்து நாளில் முகம் பளிச். நானே நல்ல வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்து ஃப்ரேம் போட்டேன். எட்டு மாசத்தில் வெயில் பட்டால் எரிச்சல், கன்னத்தில் சிவப்பு நரம்பு, மேலுதட்டில் முடி. நிறுத்தினால் முகம் பொங்கியது. கிரீமில் இருந்தது ஸ்டீராய்டு. அப்படிப்பட்ட பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் அரசு பட்டியலில் சேர்த்தது. நான் வாங்கியது அதற்கு முன்னால். இப்போது கேட்டால் கொடுக்கமாட்டார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

மதுரையில் கற்றது: நம் தோல் காயத்தைக் கறுப்பாக எழுதி வைத்துக்கொள்ளும். பரு போனாலும் தழும்பு, கொசு கடித்தாலும் தழும்பு. வெள்ளைத் தோலுக்கு வைக்கும் அளவில் லேசரோ ஆழமான பீலோ (மருந்து தடவித் தோலை உரிப்பது) செய்தால் மங்கு போய், அதைவிடக் கறுப்பாக வேறொன்று வரும். அதனால்தான் கறுத்த தோலுக்கு முடி எடுக்கும் லேசரில் 1064 நானோமீட்டர் அலைநீளத்தைத் தேடுகிறார்கள், அது மேல்தோல் நிறமியில் அதிகம் சிக்காமல் உள்ளே போகும். உடம்பில் எங்காவது கெலாய்டு (காயத்தைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு) வந்த சரித்திரம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, மங்குக்குப் புற ஊதா மட்டும் பகை இல்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் தூண்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அதை நிறுத்தாது, இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் போட்ட வகை ஓரளவு நிறுத்தும். ஷார்ஜா வெயிலுக்கு அது பேக்கேஜைவிடச் சல்லிசு.

19 மே

நேற்று மதுரை கிளினிக்கை நல்ல பிள்ளை மாதிரி எழுதிவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ‘முன்’ படத்தை மேலிருந்து விழும் டியூப்லைட்டில், தாடையைத் தாழ்த்தி எடுக்கச் சொன்னார்கள். ‘பின்’ படத்தை ரிங் லைட்டில், தாடையை இரண்டு விரல் தூக்கி. கண் பள்ளம் பாதி அங்கேயே போய்விடும், ஊசியே வேண்டாம். நான் எடுத்தேன், சம்பளம் வாங்கினேன். ஆறாவது வருஷம் ஒரு பெண் தன் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அண்ணே, இதுல நான் எது?’ என்று கேட்டாள். அந்த மாசத்தோடு வந்துவிட்டேன்.

2 ஜூன்

ஐந்து அடிப் படம் வந்தது. தம்பி எடுத்திருக்கிறான், கோணல்தான், பரவாயில்லை. மூக்கு உம்மாவின் மூக்கு (உம்மா படத்தையும் அனுப்பியிருந்தாள்). அந்த முகத்துக்கு அது சரியாக உட்கார்ந்திருக்கிறது. கண் பள்ளம் நிஜம். அதுவும் குடும்பச் சொத்து, உம்மாவின் நாற்பது வயசுப் படத்திலும் இருக்கிறது. அது கிழடு இல்லை, அவர்கள் வீட்டு எலும்பு.

ஃபில்லர் போடலாமா என்றால் நான் வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை. ஹையலுரோனிக் அமில ஃபில்லர் என்றால் கரைக்க ஊசி இருக்கிறது. ஆனால் தப்பிப் போய் ரத்தக்குழாயில் இறங்கினால் பார்வை போகும் ஆபத்தும் இருக்கிறது, மூக்கும் புருவ நடுவும்தான் அதில் மோசமான இடங்கள். செல்ஃபியில் மூக்கை அளந்தவர்கள் கையில் அந்த ஊசியைக் கொடுப்பாயா என்பதை நீ யோசித்துக்கொள்.

16 ஜூன்

தடை முடிந்து படகு கடலுக்குப் போய்விட்டது, கடை காலி.

அவள் எழுதியிருக்கிறாள்: மூக்கு வேண்டாம், மங்குக்கு வேறு டாக்டரைப் பார்க்கிறாளாம், கண்ணுக்குக் கீழே போடலாமா என்று இன்னும் யோசனை. உம்மாவுக்கும் ஒரு டியூப் சன்ஸ்கிரீன் வாங்கி அனுப்பினாளாம். உம்மா அதைக் காலில் தடவிக்கொள்கிறார்களாம்.

அந்த அக்கா போன வாரம் திரும்ப வந்தாள். தங்கையின் மனுவில் யாரும் கேள்வி கேட்கவில்லையாம். ‘ஒன்னப் பாத்தா அம்பத்தஞ்சுதான் இருக்கும்’ என்று இவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன் ஃபிளாஷில், பவுடர் போட்டு, நெற்றி மினுங்க நான் எடுத்த படம்தான் காரணம். ‘தம்பி, கொஞ்சம் சுருக்கம் போட்டுக் குடேன்’ என்றாள். டச்சிங்கில் சுருக்கம் எடுத்துத்தான் பழக்கம், போட்டதில்லை. பவுடரைத் துடைக்கச் சொன்னேன். விளக்கைத் தூக்கிப் பக்கவாட்டில் வைத்தேன். கன்னத்துப் பள்ளத்தில் நிழல் இறங்கியது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘இது எங்காத்தால்ல’ என்றாள்.